மீட்டர் இல்லாத என்ஜினுக்கு வேகம் அளப்பது எப்படி?

திருவண்ணாமலை, செங்கம், தண்டராம்பட்டு, போளூர் வட்டாரங்களில் கிணற்றுப் பாசனம் செய்யும் உழவர்களிடம் மின் மோட்டார் வந்த பிறகும் பழைய ஆயில் என்ஜின் ஒன்று கொட்டகை மூலையில் இருப்பதுண்டு. மின்சாரம் இல்லாத வேளையில் அது கை கொடுக்கிறது. மின் இணைப்பு எட்டாத மேட்டுக் கொல்லைக்கு மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய பம்பு செட்டு போகிறது. மணிலா உடைக்கவும் நெல் அடிக்கவும் வாடகை டிராக்டர் வருகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேகம் காட்டும் மீட்டர் கிடையாது. டிராக்டரில் மீட்டர் இருந்தாலும் அதன் கேபிள் அறுந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். "சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடலாம்" என்று ஓட்டுகிறவர் சொல்வார். பழகிய காது வேகம் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் என்பது மெய்தான். ஆனால் 650 சுற்றுக்கும் 720 சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அது சரியாகச் சொல்லிவிடாது. அந்த 70 சுற்றில்தான் உழவருடைய பணம் போகிறது.

மின் மோட்டாரின் வேகத்தை மின்சாரமே நிர்ணயித்து விடுகிறது. நான்கு துருவ மோட்டார் நிமிடத்திற்கு 1440 சுற்றை ஒட்டித்தான் ஓடும். அதை நாம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எண்ணெய் என்ஜின் அப்படியல்ல. கவர்னர் ஸ்பிரிங்கை ஒரு திருகு திருகினால் வேகம் மாறிவிடும். ஆகவே என்ஜின் வைத்திருப்பவர் அதன் வேகத்தை அளக்கத் தெரிந்திருப்பது அவசியமாகிறது.

வேகம் தவறினால் என்ன நட்டம்?

மையவிலக்குப் பம்பை எடுத்துக்கொள்வோம். அது தள்ளும் நீரின் அளவு வேகத்தின் விகிதத்தில் மாறும். நீரை ஏற்றும் உயரம் வேகத்தின் வர்க்கத்தில் மாறும். அதற்கு வேண்டிய குதிரைத் திறன் வேகத்தின் கன விகிதத்தில் மாறும். பம்பின் வேகம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் நீர் 90 பங்காகும். ஏற்றும் உயரம் 81 பங்காகிவிடும். நல்ல வேகத்தில் அதிகபட்சமாக 20 மீட்டர் உயரம் தள்ளக்கூடிய பம்பு இப்போது 16 மீட்டரைத் தாண்டாது. சித்திரை, வைகாசியில் கிணற்று நீர் இறங்கி, உறிஞ்சும் உயரமும் மேட்டுக் கொல்லைக்குத் தள்ளும் உயரமும் சேர்ந்து 17 மீட்டர் ஆகிவிட்டால், என்ஜின் ஓடும், பெல்ட்டு ஓடும், தண்ணீர் மட்டும் வராது. உழவர் புட் வால்வைக் கழற்றிப் பார்ப்பார். குழாயில் காற்று இழுக்கிறதா என்று களிமண் பூசிப் பார்ப்பார். வேகத்தை மட்டும் பார்க்க மாட்டார்.

எதிர்ப்பக்கம் போனாலும் நட்டமே. வேகத்தை நூற்றுக்குப் பத்துக் கூட்டினால் நீர் ஏறத்தாழ பத்து பங்கு கூடும். தேவைப்படும் திறனோ 33 பங்கு கூடிவிடும். குழாய் அமைப்பைப் பொறுத்து இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம். என்றாலும் டீசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது விளங்கும்.

மணிலா உடைக்கும் இயந்திரத்தில் வேகம் மிஞ்சினால் பருப்பு உடையும், தோல் உரியும். எண்ணெய்க்குப் போகும் பருப்புக்கு அது விலையைக் குறைக்கும். விதைக்கு எடுத்த பருப்பானால் அது முளைக்கவே முளைக்காது. கதிரடிக்கும் இயந்திரத்தில் வேகம் குறைந்தால் மணி வைக்கோலோடு போய்விடும். கூடினால் மணி நொறுங்கும், பேரிங் சூடேறும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது உயிர்ப் பயம். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரின் லிஸ்டர் கம்பெனி வடிவமைத்த மெதுவேக என்ஜினைப் பின்பற்றி, குஜராத்தின் ராஜ்கோட் முதலிய ஊர்களில் செய்யப்பட்ட என்ஜின்கள் நம் நாட்டுக் கிணறுகளில் ஏராளமாக ஓடின. இரண்டு பக்கமும் பெரிய வார்ப்பிரும்புச் சக்கரம் உள்ள இந்த என்ஜின்களில் 6 குதிரைத் திறன் வகை 650 சுற்றுக்கும், 8 குதிரைத் திறன் வகை 850 சுற்றுக்கும் செய்யப்பட்டவை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். 650 சுற்று என்ஜினின் கவர்னரைக் கம்பியால் இழுத்துக் கட்டி 850 சுற்றுக்கு ஓட்டினால், சக்கரத்தைப் பிய்க்கப் பார்க்கும் விசை வர்க்க விகிதத்தில் ஏறி 1.7 மடங்காகி விடுகிறது. பழைய சக்கரத்தில் சாவி அடித்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அது தாங்காது. வார்ப்பிரும்பு முன்னறிவிப்புக் கொடுத்து உடைவதில்லை. கொட்டகைச் சுவரும் அதைத் தடுக்காது.

தீபத் திருவிழாவையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். அதே மனிதர் பழைய என்ஜின் வாங்கும்போது அதன் பெயர்த் தகட்டைக்கூடத் துடைத்துப் படிப்பதில்லை. குதிரைத் திறனும் வேகமும் அந்தத் தகட்டில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு இல்லாத என்ஜினானால், அதே வகை என்ஜினின் கையேட்டைப் பார்த்தோ, விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கேட்டோ வேகத்தை உறுதி செய்த பிறகே ஓட்டவேண்டும்.

மேக்னட்டோ என்ஜினில் பொறியை எண்ணுதல்

டீசல் என்ஜினுக்குப் பொறி தேவையில்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகவே இன்று நம் ஊரில் உழும் டீசல் டிராக்டர் எதிலும் மேக்னட்டோ கிடையாது. பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் என்ஜினுக்குத்தான் பொறி வேண்டும். பேட்டரி இல்லாமல், காந்தத்தைச் சுழற்றித் தானே மின்சாரம் உண்டாக்கிப் பிளக்கில் பொறி விழச் செய்யும் கருவியே மேக்னட்டோ. 1917-இல் அமெரிக்காவில் வெளிவந்த போர்ட்சன் டிராக்டரின் முதல் வகையில் சக்கரத்திலேயே காந்தங்களைப் பதித்திருந்தார்கள். பின்னால் வந்த போர்ட்சன், பார்மால் போன்ற மண்ணெண்ணெய் டிராக்டர்களில் மேக்னட்டோ தனிப் பெட்டியாக வந்தது. அத்தகைய டிராக்டர்களை இன்று ஆர்வலர்கள் பராமரிப்பதைத்தான் காணலாம். ஆனால் அதே மேக்னட்டோ நம் உழவரிடம் வேறு உருவில் இருக்கிறது: மண்ணெண்ணெய் பம்பு செட்டிலும், முதுகில் சுமக்கும் விசைத் தெளிப்பானிலும், புல் வெட்டும் கருவியிலும்.

இவற்றின் வேகத்தை அளக்க எளிய வழி, பொறியை எண்ணுவது. பிளக்குக்குப் போகும் தடித்த ஒயரின்மேல் மெல்லிய ஒயர் ஒன்றை நாலைந்து சுற்று சுற்றிவிட்டால், ஒவ்வொரு பொறிக்கும் அந்த மெல்லிய ஒயரில் ஒரு துடிப்பு தோன்றும். அதை எண்ணி வேகம் காட்டும் கையடக்க டிஜிட்டல் மீட்டர்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. பிளக் ஒயரை அறுக்க வேண்டியதில்லை, எதையும் கழற்ற வேண்டியதில்லை. மீட்டரை மாட்டும்போது என்ஜின் நின்றிருக்க வேண்டும்; ஓடும் என்ஜினின் பிளக் ஒயரைத் தொட்டால் அடி பலமாக விழும்.

இங்கே பலரும் இடறுகிற இடம் ஒன்றுண்டு. நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் எரிகிறது. அப்படியானால் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறிதானே என்று தோன்றும். சிறிய என்ஜின்களில் அப்படியில்லை. காந்தம் பிளைவீலிலேயே இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அது காயிலைக் கடக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழுகிறது. ஒன்று எரிபொருளைப் பற்றவைக்கிறது. அடுத்தது புகை வெளியேறும் நேரத்தில் வீணாகிறது. இரண்டு வீச்சு என்ஜினான விசைத் தெளிப்பானில் ஒவ்வொரு பொறியும் பயன்படுகிறது. இரண்டிலும் மீட்டரை "ஒரு சுற்றுக்கு ஒரு பொறி" என்ற நிலையில் வைக்கவேண்டும். தவறி "இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி" என்று வைத்துவிட்டால், 3000 சுற்றில் ஓடும் என்ஜினுக்கு மீட்டர் 6000 என்று காட்டும். அதை நம்பி வேகத்தைக் குறைத்தால் பம்பு நீர் தள்ளாது.

நான்கு சிலிண்டர் உள்ள பழைய மேக்னட்டோ டிராக்டரில் கணக்கு வேறு. அங்கே பொறியைப் பங்கிட்டு அனுப்பும் மூடி இருப்பதால், ஒரு பிளக்கின் ஒயரை மட்டும் எண்ணினால் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வரும். நான்கு பிளக்குகளையும் சேர்த்து எண்ணினால் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. மேக்னட்டோவின் தண்டே என்ஜினின் வேகத்தில்தான் சுழலும். ஆகவே மேக்னட்டோ தண்டின் வேகத்தை அளந்தாலும் என்ஜினின் வேகம் கிடைத்துவிடும்.

பேட்டரி வைத்த வண்டிகளுக்கான மீட்டரை மேக்னட்டோவின் நிறுத்தும் ஒயரில் இணைக்கக் கூடாது. அந்த ஒயரைப் பூமியோடு சேர்த்தால் பொறி நின்று என்ஜின் அணையும். அதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரி மீட்டரை அங்கே இணைத்தால் என்ஜின் தடுமாறும், அல்லது மேக்னட்டோவின் துடிப்பு மின்சாரத்தில் மீட்டர் கெட்டுப்போகும்.

பொறி எண்ணும் மீட்டரால் இன்னொரு நன்மையும் உண்டு. என்ஜின் விட்டுவிட்டு ஓடும்போது மீட்டரைக் கவனியுங்கள். எண் திடீரென்று பாதியாகி மறுபடி ஏறினால் பொறி தவறுகிறது. பிளக், பாயிண்ட், காயில் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். எண் சீராக ஏறி இறங்கினால் பொறி ஒழுங்காகவே விழுகிறது. கோளாறு கார்புரேட்டரிலோ, எண்ணெயில் கலந்த தண்ணீரிலோ, கவர்னரிலோ இருக்கும். எந்தப் பக்கம் ஸ்பேனரை வைப்பது என்று தெரிந்துவிட்டால் மெக்கானிக் கூலியில் பாதி மிச்சம்.

மீட்டரே இல்லாமல் அளக்கும் முறைகள்

மெதுவேக என்ஜினுக்கு மிகச் சிறந்த முறை பெல்ட்டு எண்ணுவது. தட்டைப் பெல்ட்டின் ஜாயிண்ட் உள்ள இடத்தில், என்ஜின் நின்றிருக்கும்போது, ஒரு சாண் நீளத்துக்கு அகலம் முழுவதும் சுண்ணாம்பு பூசி உலரவிடவும். பெல்ட்டின் முழு நீளத்தையும் கயிற்றால் அளந்துகொள்ளவும். என்ஜின் புல்லியின் விட்டத்தை அளந்து, அதோடு பெல்ட்டின் தடிமனைச் சேர்த்து, 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றில் பெல்ட்டு நகரும் நீளம் கிடைக்கும். தடிமனைச் சேர்க்க மறந்தால் நூற்றுக்கு மூன்று பங்கு வரை பிழை வரலாம்.

எடுத்துக்காட்டாக, புல்லி 19.4 செ.மீ., பெல்ட்டின் தடிமன் 6 மி.மீ. என்றால் கூட்டுத்தொகை 20 செ.மீ. இதை 3.14-ஆல் பெருக்கினால் 62.8 செ.மீ., அதாவது 0.628 மீட்டர். பெல்ட்டின் நீளம் 6 மீட்டர். என்ஜினை ஓடவிட்டு, நாலு முழம் தள்ளி நின்று, வெள்ளைப் பட்டை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணவும். 68 முறை வந்தால், 68-ஐ 6-ஆல் பெருக்கி 0.628-ஆல் வகுக்க, 650 சுற்று வரும். கைக்கடிகாரமும் சுண்ணாம்பும் போதும். பெல்ட்டு வழுக்கினால் என்ஜினின் உண்மையான வேகம் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். வி-பெல்ட்டு குட்டையானது, அது நிமிடத்திற்கு இருநூறு முறை வந்துவிடுவதால் இந்த முறை அதற்கு உதவாது.

பெல்ட்டு இல்லாத இடத்தில் பென்சில் முறையைக் கையாளலாம். ஒரு சிலிண்டர் டீசல் என்ஜின் 650 சுற்றில் ஓடும்போது புகைக்குழாய் நிமிடத்திற்கு 325 முறை தட்டும். வாயால் எண்ண முடியாது. ஒரு தாளில் பென்சிலை வைத்து, சத்தத்தோடு சேர்ந்து புள்ளி குத்திக்கொண்டே கையை நகர்த்தவும். இன்னொருவர் கடிகாரம் பார்த்து 10 விநாடி ஆனதும் நிறுத்தச் சொல்லவேண்டும். பிறகு புள்ளிகளை எண்ணவும். 54 புள்ளி இருந்தால் அதை 6-ஆல் பெருக்கி, மீண்டும் 2-ஆல் பெருக்க 648. ஒரு புள்ளி தவறினால் 12 சுற்று பிழை வரும். ஆகவே மூன்று முறை செய்து சராசரி எடுத்துக்கொள்வது நல்லது. வீட்டில் தாளம் பிடிபட்ட பிள்ளை இருந்தால் இந்த வேலையை அதனிடம் விட்டுவிடலாம். 1500 சுற்று என்ஜினுக்கு இந்த முறை சரிப்படாது.

1500 சுற்று என்ஜினுக்குக் குழல் விளக்கு இருக்கிறது. பழைய வகைக் கனமான சோக் வைத்த குழல் விளக்கு, 50 சைக்கிள் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை, நிமிடத்திற்கு 6000 முறை மின்னி மின்னி எரிகிறது. கண்ணுக்கு அது தெரிவதில்லை. வட்டமான கறுப்பு அட்டையில் மையத்திலிருந்து சம இடைவெளியில் நான்கு வெள்ளைக் கோடுகள் வரைந்து, புல்லியின் முகப்பில் நடுமையமாக ஒட்டவும். இரவில் அந்த விளக்கின் வெளிச்சத்தில் மட்டும் பார்த்தால், சரியாக 1500 சுற்றில் நான்கு கோடுகளும் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். கோடுகள் புல்லி சுற்றும் திசையில் மெல்ல ஊர்ந்தால் வேகம் கூடுதல். எதிர்த்திசையில் ஊர்ந்தால் குறைவு. விநாடிக்கு ஒரு கோட்டு இடைவெளி நகர்ந்தால் 15 சுற்று வேறுபாடு. 6000-ஐ வேண்டிய வேகத்தால் வகுத்தால் எத்தனை கோடு வரையவேண்டும் என்பது கிடைக்கும்: 3000 சுற்றுக்கு 2, 1000 சுற்றுக்கு 6, 600 சுற்றுக்கு 10. 650-க்கு முழு எண் வராது. அதற்குப் பெல்ட்டு முறையே சரி. 1500-க்கு வரைந்த அட்டை 3000 சுற்றிலும் நிற்பதுபோல் தோன்றும் என்பதால், வேகத்தைக் கீழிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

எலக்ட்ரானிக் சோக் வைத்த குழல் விளக்கும், எல்.இ.டி. விளக்குகள் பலவும் இதற்குப் பயன்படா. கொட்டகை விளக்கு ஜெனரேட்டரில் எரிந்தாலும் கணக்குப் பிசகும். மின்வாரியத்தின் மின்சாரமாக இருக்கவேண்டும். மற்றொரு எச்சரிக்கை: நிற்பதுபோல் தோன்றும் புல்லி நிற்கவில்லை. அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

செல்போனில் மெதுவேகப் படம் எடுக்கும் வசதி இருந்தால் அதுவும் நல்ல கருவியே. விநாடிக்கு 240 படம் எடுத்து 30 படமாக ஓட்டும் போனில், ஓட்டம் 8 மடங்கு மெதுவாகிறது. சக்கரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு 10 விநாடி படமெடுத்தால், அதைப் பார்க்க 80 விநாடி ஆகும். அதில் கோடு 90 முறை வந்தால் 90-ஐ 6-ஆல் பெருக்க 540 சுற்று. எல்லாப் போனும் சொன்னபடி 8 மடங்கு குறைப்பதில்லை. முதலில் ஒரு கடிகாரத்தின் விநாடி முள்ளைப் படமெடுத்துச் சரிபார்த்துக் கொள்ளவும்.

டிராக்டரில்

டிராக்டரின் பின்புறம் உள்ள பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று சுற்றவேண்டும் என்று வைத்தே பெரும்பாலான கதிரடிப்பானும் மணிலா இயந்திரமும் செய்யப்படுகின்றன. என்ஜினின் எந்த வேகத்தில் பி.டி.ஓ. 540 ஆகும் என்பது டிராக்டருக்கு டிராக்டர் வேறுபடும், கையேட்டில் இருக்கும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையத்தின் அறிக்கைகளிலும் இது காணப்படும். என்ஜின் 1800-இல் பி.டி.ஓ. 540 என்று ஒரு கையேடு கூறுவதாக வைத்துக்கொள்வோம். பி.டி.ஓ.வை அளந்தபோது 480 வந்தால் என்ஜின் 1600-இல் ஓடுகிறது என்று பொருள். ஆகவே என்ஜினைத் தொடாமலேயே பி.டி.ஓ.வை அளந்து வேகத்தை அறியலாம்.

அளப்பதற்கு ஒளிக்கற்றை டாக்கோமீட்டர் ஏற்றது. தண்டில் மின்னும் ஒட்டுத்தாள் ஒரு துண்டு ஒட்டி, ஒரு முழம் தள்ளி நின்று ஒளியைக் காட்டினால் எண் தெரியும். ஒட்டுவது டிராக்டரை அணைத்த பிறகுதான். மதிய வெயிலில் இது தவறாகக் காட்டலாம். நிழலில் வைத்து அளக்கவும். தண்டின் முனையில் அழுத்திப் பிடிக்கும் வகை மீட்டரும் உண்டு. ஓடும் பி.டி.ஓ.வுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, சேலை முந்தானை, அவிழ்ந்த கூந்தல் ஆகிய எதுவும் அந்தத் தண்டின் அருகில் போகக்கூடாது. 540 சுற்று என்பது விநாடிக்கு 9 சுற்று. துணி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது.

கருவி எதுவும் கிடைக்காவிட்டால் சாலையில் ஓட்டிப் பார்க்கலாம். குறிப்பிட்ட கியரில், குறிப்பிட்ட என்ஜின் வேகத்தில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கையேட்டில் அட்டவணை இருக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் 100 மீட்டருக்கு 72 விநாடி. சமமான கெட்டிச் சாலையில் 100 மீட்டர் அளந்து, சுமையில்லாமல் அதே கியரில் ஓட்டுகிறோம். 80 விநாடி ஆனால் என்ஜின் நூற்றுக்கு 90 பங்கு வேகத்தில் ஓடுகிறது. கையேட்டில் 2000 என்றால் இது 1800. தேய்ந்த டயரும் காற்றுக் குறைந்த டயரும் சற்றுப் பிழை காட்டும். ஆக்ஸிலேட்டர் கைப்பிடி எந்த இடத்தில் இருந்தபோது இந்த வேகம் வந்தது என்று அங்கேயே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் மறுமுறை தேடவேண்டாம்.

அளந்த பிறகு

வேகத்தை ஒருமுறை சுமையில்லாமலும் ஒருமுறை முழுச் சுமையிலும் அளக்கவேண்டும். சுமை ஏறியதும் கொஞ்சம் குறைவது இயல்பு; கவர்னர் அப்படித்தான் வேலை செய்யும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, கறுப்புப் புகையும் வந்தால், ஸ்பிரிங்கை இறுக்கிச் சரிக்கட்டப் பார்க்கக் கூடாது. என்ஜினுக்கு மீறிய சுமை இருக்கிறது, அல்லது ஏர் கிளீனர், நாசில், பிஸ்டன் ரிங் ஆகியவற்றில் ஒன்று பழுது. அதைப் பார்ப்பதே முறை.

என்ஜின் சரியான வேகத்தில் ஓடியும் பம்பு வேகம் சேரவில்லையென்றால் புல்லியை மாற்றவேண்டும், என்ஜின் வேகத்தை அல்ல. என்ஜின் வேகத்தை அதன் புல்லி விட்டத்தால் பெருக்கி, பம்புப் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் பம்பின் வேகம் கிடைக்கும். 650 சுற்று என்ஜினில் 30 செ.மீ. புல்லியும் பம்பில் 13 செ.மீ. புல்லியும் இருந்தால் 1500. பெல்ட்டு வழுக்கலுக்கு நூற்றுக்கு மூன்று கழித்தால் 1455. தகட்டில் 1450 என்று போட்ட பம்புக்கு இது பொருத்தமே. பழைய பம்பை விற்றுப் புதுப் பம்பு வாங்குகிறவர் புல்லியை மட்டும் பழையதையே மாட்டிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அப்படிச் செய்யக் கூடாது.

மணிலா உடைக்கும் இயந்திரத்தில் தகட்டு வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகும், விழுகிற பருப்பில் கைக்கு வந்த 100 பருப்பை எடுத்து உடைந்தவற்றை எண்ணிப் பார்க்கவேண்டும். வேகத்தைச் சற்றுக் குறைத்து மறுபடியும் 100 எண்ணவும். காயின் ஈரத்தையும் ரகத்தையும் பொறுத்து உடைவு மாறுவதால், விதைப் பருப்புக்கு இந்த இரண்டு நிமிட வேலை அவசியம். சல்லடையின் அளவு காய்க்குப் பொருந்தாவிட்டால் வேகத்தை எப்படி வைத்தாலும் பருப்பு உடையும் என்பதையும் மறக்கவேண்டாம்.

கிணற்று நீர் இறங்கிவிட்டதென்று மண்ணெண்ணெய் அல்லது டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவதும், அதைச் சரிசெய்ய உள்ளே இறங்குவதும் உயிரைக் குடிக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆழ்ந்த கிணற்றில் அது வெளியேற வழியின்றித் தங்கிவிடும். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் மயங்குவார். வேகம் அளப்பதானாலும் வேறு எந்த வேலையானாலும் என்ஜின் தரைக்கு மேலே இருக்கும்போதுதான்.

அளந்த எண்களை அன்றைய தேதியுடன் கொட்டகைச் சுவரில், டீசல் படாத இடத்தில் எழுதி வைக்கலாம்: சுமையில்லாமல் எத்தனை, சுமையில் எத்தனை, அன்று ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் பிடித்தது, கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடியில் இருந்தது என்ற நான்கு விவரங்கள் போதும். கார்த்திகையில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் எழுதினால், தண்ணீர் குறைந்தது கிணற்றாலா என்ஜினாலா என்பதை மறு ஆண்டு அந்தச் சுவரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.